அத்தினியின் வயிறு

கரிவலம்வந்தநல்லூர் என்ற பெயருக்குள்ளேயே ஒரு யானை நடக்கிறது. கரி வலம்வந்த நல்ல ஊர். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது. கோயிலில் சுவாமி பால்வண்ணநாதர், அம்மன் ஒப்பனையம்பாள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்காசிப் பாண்டியர் மரபில் வந்த வரதுங்கராம பாண்டியன் இங்கிருந்து ஆண்டான். தமிழ்க் கொக்கோகத்தை அவன் செய்தான் என்று ஒரு வழக்கு. அவன் உறவினன் அதிவீரராம பாண்டியன் செய்தான் என்று இன்னொரு வழக்கு. யார் செய்திருந்தாலும், பெண்களைப் பதுமினி, சித்தினி, சங்கினி, அத்தினி என்று நான்காகத் தரம் பிரிக்கும் மரபைத் தமிழுக்குக் கொண்டுவந்த நூல் அது. கடைசிப் படியில் நிற்பவள் அத்தினி. அத்தி என்றால் யானை. பருத்த உடம்புக்காரி, நிறையச் சாப்பிடுகிறவள். கோயிலைச் சுற்றிய யானையால் ஊருக்குப் பெருமை. அதே யானையின் பெயரைப் பெண்ணுக்கு வைத்தால் வசவு.

தரம் பிரிக்கும் வேலையை இப்போது பி.எம்.ஐ. என்ற எண் செய்கிறது. பெல்ஜியத்துக் கணிதவியலாளர் குவெட்லே 1830களில் 'சராசரி மனிதனை'த் தேடிப் போட்ட கணக்கு அது. அதற்கு இன்றைய பெயரைத் தந்தது 1972இல் ஆன்செல் கீஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அதில் அளக்கப்பட்டவர்கள் ஆண்கள். ஆனால் இந்த எண்ணை வைத்து முடிவாகும் எடைக்குறைப்பு அறுவைக்கு உலகெங்கும் மேசையில் படுப்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள்.

அவர்களில் ஒருவர் எனக்கு மதினி முறை, கரிவலம்தான் ஊர். ஒன்பது வருடத்துக்கு முன் 'ஸ்லீவ்' அறுவை செய்துகொண்டார். முதல் இரண்டு வருடம் எடை நன்றாகக் குறைந்தது. பிறகு பாதி திரும்பி வந்துவிட்டது. ராத்திரி படுத்தால் புளிநீர் தொண்டைவரை ஏறுகிறது. இன்னொரு அறுவை செய்து மாற்றலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். "அவ்வளவு ரூவா கட்டியும் வாயக் கட்டத் தெரியலயே" என்கிறார்கள் வீட்டில். மதினி சொன்னது அதைவிடக் கனமாக இருந்தது: "நாந்தாம்மா தோத்துட்டேன்."

இந்தத் 'தோத்துட்டேன்' எங்கிருந்து வந்தது? அறுவையின் வரலாற்றைப் பார்த்தால் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது அறுவைதான். 1954இல் மினசோட்டா மருத்துவர்கள், சாப்பாடு சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டிப் போகும்படி குடலை மாற்றித் தைக்கும் முறையைப் பதிவுசெய்தார்கள். எடை இறங்கியது. கூடவே கல்லீரல் கெட்டது, சிறுநீரகத்தில் கல் விழுந்தது. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி சேர்க்க வேண்டியிருந்தது. 1980 வாக்கில் அந்த முறையே கைவிடப்பட்டது. 1966இல் அயோவாவில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார்கள். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த பெண்கள் எடை கூடாமலே இருப்பதைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது. அடுத்து, இரைப்பையைச் சுற்றி இறுக்கும் சிலிக்கான் பட்டை. 2001இல் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. பட்டை நழுவியும் இரைப்பைச் சுவரை அரித்தும், அதைக் கழற்றுவதே தனி அறுவையாக வளர்ந்தது.

மதினி செய்துகொண்ட ஸ்லீவில் இரைப்பையின் 75–80 விழுக்காட்டை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பழையபடி ஆக்க வழியில்லை. இந்த அறுவை முதலில் தனி அறுவையாக வரவே இல்லை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், மிகுந்த எடையால் பெரிய அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு அதை இரண்டாகப் பிரித்துச் செய்தார்கள். அதன் முதல் பாதி இது. முதல் பாதியிலேயே பலருக்குப் போதுமான எடை குறைந்ததால் அதுவே முழு அறுவையாகிவிட்டது. இரண்டாம் பாதியை எண்ணித் தொடங்கிய அறுவைக்கு இரண்டாவது தேவைப்பட்டால், அதில் இவர் தோற்க என்ன இருக்கிறது?

2017 பிப்ரவரியில் எகிப்திலிருந்து இமான் அகமது மும்பை சைஃபி மருத்துவமனைக்குச் சரக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டார். மார்ச்சில் ஸ்லீவ், அடுத்த கட்ட அறுவை பிறகு என்பது திட்டம். எத்தனை கிலோ குறைந்தது என்று மருத்துவமனை அறிவிக்க, அவருடைய தங்கை அதை மறுக்க, செய்திகள் முழுக்கக் கிலோவாகவே இருந்தன. மே மாதம் அபுதாபிக்கு மாற்றப்பட்ட இமான் செப்டம்பரில் இறந்தார்.

உடம்பு எடையை மீட்கப் பார்ப்பது அதன் இயல்பு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது முக்கியமாகச் சுரப்பது இரைப்பையில். எடை குறைந்தால் பசி கூடுவதும் உடல் எரிசக்தியை மிச்சம் பிடிப்பதும் வாய்க்கட்டுப்பாட்டால் மட்டும் தீர்கிற விஷயங்கள் இல்லை.

அதனால் இரண்டாவது அறுவையை யோசிக்கும் பெண் முதலில் கேட்க வேண்டியது: இது எதற்காக? நெஞ்செரிச்சலுக்கா, எடைக்கா, வீட்டார் வாயை அடைக்கவா? நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தால் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது பலருக்கு உதவுகிறது. எடை மட்டும்தான் காரணமென்றால் மருந்து வழியும் இருக்கிறது. 2025இல் மவுஞ்சாரோவும் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன, விலைதான் சுமை. ஏற்கெனவே திறந்த வயிற்றில் திசுக்கள் ஒட்டிக்கிடக்கும். ஆபத்து முதல் தடவையைவிடக் கூடுதல். பைபாஸுக்குப் பிறகு இரும்பு, பி12, கால்சியம் மாத்திரைகளை ஆயுள் முழுக்க விட முடியாது. அறுவை முடிந்து வந்தபின் அந்த வீட்டில் யார் சமைப்பார்கள் என்பதும் மருத்துவக் கேள்விதான்.

மதினி பழைய அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கிவிட்டார். எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறித்தாயிற்று. "ராத்திரி படுத்துத் தூங்கணும், அவ்வளவுதான்" என்கிறார். கிலோவைப் பற்றி இந்த முறை அவர் பேசவில்லை.