படையும் பாதமும்

புளியந்தீவுக் கோட்டையைப் பார்க்க மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் நாம் பீரங்கிகளைக் காட்டுகிறோம். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டினர், 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர் என்று ஆண்டுகளை ஒப்புவிக்கிறோம். அம்மதிலின்மேல் நின்று காவல் காத்தவனின் பாதத்தைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசியதில்லை. 'சப்பாத்து' என்னும் சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்ததுதான். சொல் வந்தது, பொருளைக் காலில் மாட்டிக்கொள்ள நமது உழவனுக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. ஒரு நோயின் சரித்திரம் இந்த வேற்றுமையிலே அடங்கியிருக்கிறது.

கால் நகத்தை அரிக்கும் பங்கசுக்களுள் உலகெங்கும் மிகுதியாகக் காணப்படுவது திரைக்கோபைற்றன் ரூப்ரம். 1903 முதல் 1915 வரை கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்டெலானியே 1910 இல் இதனை விவரித்துப் பெயரிட்டவர். (இதே மனிதர் பின்னாளில் முசோலினியின் எதியோப்பியப் படையெடுப்புக்கு மருத்துவத் தலைமை தாங்கினார்.) வெப்ப நாடுகளில் இப்பங்கசு பன்னெடுங்காலம் வாழ்ந்துவந்ததென்றும், வெறுங்காலோடு நடந்த மக்களின் உடற்றோலில் படையாகப் படர்ந்ததேயன்றிப் பாதத்தை அவ்வளவாகப் பற்றவில்லையென்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். சேனைக்கும் தோல்நோய்க்கும் தமிழில் 'படை' என்ற ஒரே சொல் வழங்குவது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

குடியேற்ற நாடுகளுக்கு வந்த ஐரோப்பியனின் சப்பாத்துக்குள்ளே வியர்வை இருந்தது, வெப்பம் இருந்தது, இருள் இருந்தது. பங்கசுக்கு வேறென்ன வேண்டும்? விரலிடுக்கில் தொடங்கி நகத்தின் ஓரத்தால் உட்புகுந்தது. நகம் மஞ்சளித்துத் தடித்து உதிரத் தொடங்கும். பெருவிரல் நகம் புதிதாக வளர்ந்து முடிய ஓராண்டுக்கு மேலாகும். அதனால் 1950களின் இறுதியில் கிரிசியோபுல்வின் மாத்திரை வந்த பின்பும் மாதக்கணக்கில் மருந்துண்ண வேண்டியிருந்தது. முதலாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய போர்வீரரோடு இந்நோயும் மேலைநாடுகளிற் பெருகியது.

வியட்நாமில் மீக்கொங் கழிமுகத்து வயல்களில் இறங்கிய அமெரிக்கப் படையினரைக் கொரில்லா வீரர்கள் மட்டுமன்றிச் சேறும் வீழ்த்தியது. தோல்நோயால் போருக்குதவாது போனோர் பெருகவே, 48 மணி நேரத்துக்கு மேல் வீரனை வயல்நீரில் நிறுத்தலாகாது, பின்னர் காலை உலர்த்த ஓய்வு தரவேண்டும் என்று 9 ஆம் காலாட்படைப் பிரிவில் 1968 இல் கட்டளை பிறந்தது. இது கருணையன்று. துருப்பிடித்த துப்பாக்கிக்கு எண்ணெய் இடுவதும் கருணையன்று.

1983 முதல் 2009 வரை நீண்ட போரில் நமது வாவியின் இரு கரையிலும் முகாம்கள் எழுந்தன. மாரி மழையில் நனைந்த சப்பாத்தோடு காவலரணில் நின்ற சிப்பாய்களிற் பலர் தென்னிலங்கையின் ஏழை உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஊரிலே வெறுங்காலோடு வயலில் நடந்து வளர்ந்தவர்கள். அவர்களைக் கண்டு நாம் அஞ்சினோம். அஞ்சுவதற்குப் போதிய காரணமும் இருந்தது. சப்பாத்துக்குள்ளே சொத்தையாகிக்கொண்டிருந்த நகத்தை எண்ணிப் பார்க்க நமக்கு அன்று தோன்றவில்லை.

வெறுங்கால் நகத்தைக் காக்கும் என்று சொல்லிப் பெருமைப்படவும் வழியில்லை. வெயிலும் காற்றும் படுமட்டும்தான் அந்தக் காப்பு. மாரிப்போகத்தில் படுவான்கரை வயலில் நாள் முழுதும் நீரில் நிற்பவனுக்குச் சேற்றுப்புண் வந்தே தீரும். போடியாரின் நிலமாயினும் குத்தகை நிலமாயினும் 48 மணி நேரக் கட்டளையை அவனுக்கு எவரும் பிறப்பித்ததில்லை. மாலையில் வரம்பிலே குந்தியிருந்து விரலிடுக்கைப் பிரித்துப் பார்க்கிறான். மருதோன்றி இலையை அரைத்து அப்பிக்கொள்கிறான். விடியுமுன் மறுபடி சேற்றில் இறங்குகிறான்.