சின்ன பட்ஜெட் படத்துக்கு விமர்சனம் கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? ரிலீஸுக்கு முன்பே என்ன செய்யலாம்?

வெள்ளிக்கிழமை ரிலீஸ். திங்கட்கிழமை தியேட்டரில் வேறு போஸ்டர். பெரிய நடிகர் இல்லாத, விளம்பரத்துக்குக் காசு இல்லாத பல படங்களின் ஆயுள் இவ்வளவுதான். படம் நல்லா இருக்கா, இல்லையா என்பது அப்புறம். அப்படி ஒரு படம் வந்ததே பலருக்குத் தெரியாது.

விமர்சனம் என்றாலே பெரிய தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வருகிறது. படம் வெளியான முதல் 3 நாட்களுக்கு யூடியூப், எக்ஸ் போன்ற தளங்களில் விமர்சனம் வெளியிடத் தடை கேட்டு, தமிழ்த் திரைப்பட நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. விமர்சனம் கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி, இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. சுயாதீனப் படம் எடுத்தவரின் பிரச்சனை இதற்கு நேர் எதிரானது. அந்த 3 நாளுக்குள் யாராவது ஒருவர் படத்தைப் பற்றி எழுத மாட்டாரா, பேச மாட்டாரா என்று அவர் காத்திருக்கிறார்.

விமர்சகர்கள் ஏன் வருவதில்லை?

பெரும்பாலும் இதில் சதி எதுவும் இல்லை, நேரம்தான் காரணம். சில வெள்ளிக்கிழமைகளில் ஐந்தாறு படங்கள் சேர்ந்து வரும். ஒரு ஊடகத்தில் விமர்சனம் எழுதுபவர் ஒருவரோ இருவரோதான். பெரிய ஹீரோ படத்தின் முதல் காட்சிக்கு அவர் போயே ஆக வேண்டும். உங்கள் படத்துக்கு ஊரின் ஒரு மூலையில், மதியம் ஒரே ஒரு ஷோ கொடுத்திருப்பார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை பார்த்து திங்கட்கிழமை எழுதினால், அதைப் படித்துவிட்டு தியேட்டருக்கு வருபவருக்கு ஷோ இருக்காது.

அதனால், ரிலீஸுக்குப் பிறகு விமர்சகரைத் தேடுவதில் பயனில்லை. குறைந்தது ஒரு வாரம், பத்து நாள் முன்பே படம் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

பிரஸ் ஷோவா, லிங்க்கா?

தியேட்டரில் பார்ப்பதுதான் நல்லது. சென்னையில் பிரசாத் லேப் போன்ற பிரிவியூ தியேட்டர்களை வாடகைக்கு எடுத்து பிரஸ் ஷோ போடுவது பழைய வழக்கம். பட்ஜெட்டில் இதற்கு ஒரு தொகையை ஷூட்டிங்குக்கு முன்பே ஒதுக்கிவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கலாம் என்று விட்டால் கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது. புதன், வியாழன் மாலைகளில் பெரிய படத்தின் காட்சி இருந்தால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

பணம் இல்லையா? பாஸ்வேர்டு போட்ட ஆன்லைன் லிங்க் அனுப்பலாம். படம் கசிந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரையே வாட்டர்மார்க்காகப் போட்டு, தனித்தனி லிங்க்காகக் கொடுத்தால் அந்தப் பயம் பெருமளவு குறையும். ஆனால் டப்பிங் முடியாத, மியூசிக் சேராத பிரதியை அனுப்பவே கூடாது. 'இறுதி வடிவத்தில் சரியாகிவிடும் சார்' என்று நீங்கள் சொல்வது அவர் மனதில் நிற்காது, பார்த்த படம்தான் நிற்கும்.

லிங்க்குடன் போகும் மெயில் சின்னதாக இருக்கட்டும். கதை நாலு வரி, ஓடும் நேரம், ரிலீஸ் தேதி, ஒரு போன் நம்பர், தரமான நாலைந்து ஸ்டில்ஸ், நடிகர்கள் மற்றும் டெக்னீஷியன்கள் பெயர் சரியான எழுத்தில். ஆங்கிலத்திலும் எழுதும் விமர்சகர்கள் இருக்கிறார்கள் என்பதால் சப்டைட்டில் அவசியம். எந்தத் தேதிக்கு முன் வெளியிடக் கூடாது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். நூறு பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிடுவதைவிட, இப்படிப்பட்ட படங்களை இதற்கு முன் கவனித்து எழுதிய பத்து பேரைத் தேடிப் பிடிப்பது மேல். பதில் வரவில்லை என்றால் ஒருமுறை நினைவூட்டலாம். தினமும் போன் செய்தால் வருகிறவரும் வர மாட்டார்.

திரைப்பட விழா உதவுமா?

உதவும், ஆனால் மெதுவாக. பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வென்றது. ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரப்பூர்வப் படமாகவும் போனது. வெளிநாட்டு விமர்சகர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நம்மூர் ரசிகர் அதை ஓடிடியில் பார்க்க 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செழியனின் 'டூலெட்' 2018-ல் தேசிய விருது பெற்று, 2019 பிப்ரவரியில்தான் தியேட்டருக்கு வந்தது. ஆனால் அதற்குள் படத்தின் பெயர் பலருக்குத் தெரிந்திருந்தது. போஸ்டர் அடித்து வாங்க முடியாத விஷயம் அது.

ராட்டர்டாம் வரை போக முடியாதவர்களுக்கு டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவில் தமிழ்ப் படங்களுக்கெனப் போட்டிப் பிரிவு இருக்கிறது. கோவா, கேரள விழாக்களும் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் முழுப் படத்தை யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே வெளியான படத்தைப் பல விழாக்கள் ஏற்பதில்லை.

காசு கொடுத்தால் நல்ல விமர்சனம் வருமாமே?

அப்படிக் கேட்டு உங்களிடம் ஆள் வரலாம். பணம் வாங்கிக்கொண்டு பாராட்டினால் அது விமர்சனமே கிடையாது, விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே பணத் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விதியை விடுங்கள், கணக்காகவே பார்த்தாலும் அது நஷ்டம். எல்லாப் படத்தையும் 'வேற லெவல்' என்று சொல்பவரின் பேச்சை நம்பி இப்போது யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. அந்தக் காசில் ஒரு பிரஸ் ஷோ போட்டுவிடலாம்.

படத்தைப் பாருங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. பாராட்டி எழுதுங்கள் என்று கேட்காதீர்கள். குறை சொல்லி வந்த விமர்சனத்துக்கும் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தால், அடுத்த படத்துக்கு அதே விமர்சகர் வருவார்.

செலவே இல்லாத ஒரு வேலை

சினிமா ரசிகர்கள் மதிப்பெண் போட்டு எழுதும் லெட்டர்பாக்ஸ்டு தளத்தில் உங்கள் படம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லை என்றால், பார்த்தவர் எழுத நினைத்தாலும் எழுத இடம் இல்லை. டிஎம்டிபி என்ற தளத்தில் படத்தின் விவரங்களைச் சேர்த்தால் அது லெட்டர்பாக்ஸ்டிலும் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேர்க்கலாம். ரிலீஸுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். தியேட்டரில் தவறவிட்ட படம் ஓடிடிக்கு வரும்போது அதே பக்கத்தைத்தான் புதிய ரசிகர் தேடி வருவார். ஓடிடி தேதி உறுதியானதும், முதலில் வர முடியாத விமர்சகர்களுக்கு இன்னொரு மெயிலும் அனுப்பலாம்.