ஆஸ்பத்திரியில் இருந்து வந்த வாள்

எங்கட வாசிப்பு அறைக்கு மாபிள் பதிக்க வந்த மேசன் முதல் நாளே கேட்டது இதைத்தான்: "தம்பியவை, நிலையை என்ன செய்யப் போறியள்?"

பழைய வீடு. முதிரையில் செய்த கதவு நிலை சீமெந்துத் தரையில் கால் ஊன்றி நிற்கிறது. மாபிளும் அதற்கு அடியில் போடும் சாந்துமாகச் சேர்ந்து தரை ஒரு இஞ்சிக்குக் கிட்ட உயரும். ஒன்றில் நிலையின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஏற்ற மாதிரி மாபிளை வெட்ட வேண்டும், அல்லது நிலையின் அடியை அந்த உயரத்துக்கு அறுத்து எடுத்துவிட்டு மாபிளை அதற்குக் கீழே தள்ளிவிட வேண்டும். இரண்டாவதுதான் வடிவு. ஆனால் கைவாளைத் தரையோடு படுக்கவைத்தால் பிடி இடிக்கும். கிரைண்டரின் வட்டத் தகடு மூலைக்குள் போகாது, போனாலும் சுவரையும் சேர்த்துக் கொத்தும். ஓடாவி ஐயா வந்து குந்தியிருந்து பார்த்துவிட்டு, நிலையைக் கழட்டுறதுதான் வழி என்றார். கழற்றினால் சுவர் உடையும். எங்களிடம் இருந்த காசு மாபிளுக்கே மட்டுமட்டு.

எங்களில் ஒருவனின் மாமா ஜேர்மனியில் இருந்து வந்தபோது கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போன மல்ரி ரூல் ஒன்று வீட்டு அலுமாரிக்குள் கிடந்தது. பார்க்கத் தடித்த ரோச் லைற் மாதிரி. முனையில் தட்டையான ஒரு அலகு. சுவிட்சைப் போட்டால் அலகு சுற்றாது, நின்ற இடத்திலேயே நடுங்கும். அளவுக்கு ஒரு மாபிள் துண்டைத் தரையில் வைத்து, அதன் முதுகில் அலகைப் படுக்கவைத்து, நிலைக்குள் மெல்ல மெல்லத் தள்ளினோம். முதிரை புகைந்தது. பல் கருகியது. ஆனால் அரை மணித்தியாலத்தில் ஒரு கால் அறுந்து, கட்டை தனியாகக் கையில் வந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை.

சத்தம் கேட்டதும் எங்கட தோழி ஒருத்தி எழும்பி வெளியே போய்விட்டாள். பிறகு கேட்டால், "அது ஆஸ்பத்திரிச் சத்தமடா" என்றாள். ஆறாம் ஆண்டு படிக்கேக்க மாமரத்தால் விழுந்து கை முறிந்து பிளாஸ்ரர் போட்டவள். அதை வெட்டி எடுக்கிற நாள், இதே இரைச்சலோடு ஒரு வாளைக் கொண்டுவந்தார்களாம். கத்திக் குழறியிருக்கிறாள். அங்கே வேலை செய்த ஐயா அலகை ஓடவிட்டபடியே தன்ரை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "இஞ்ச பார் பிள்ளை, வெட்டேல்லைத்தானே" என்றிருக்கிறார்.

அவள் சொன்னது வெறும் பயமில்லை, சரியான வரலாறு. நிலையை அறுத்த கருவியும் அவளின் கையில் இருந்த பிளாஸ்ரரை அறுத்த கருவியும் ஒரே குடும்பம்.

பிளாஸ்ரர் கட்டே போர்க்களத்தோடு ஒட்டிப் பிறந்த சாமான். நெதர்லாந்து இராணுவ வைத்தியர் அந்தோனியஸ் மாத்தைசன் துணிச்சுருளில் சுண்ணச்சாந்துப் பொடியைத் தேய்த்து, நனைத்துச் சுற்றினால் சில நிமிடங்களில் இறுகிவிடும் என்று கண்டு, 1852இல் அதை எழுதி வெளியிட்டார். அடுத்த சில வருடங்களில் கிரிமியப் போர். அங்கே ரஷ்ய வைத்தியர் நிக்கொலாய் பிரகோவ் காயப்பட்ட ஆட்களுக்குப் பெருமளவில் பிளாஸ்ரர் போட்டார். குண்டு பட்ட காலை உடனே வெட்டி எடுக்கிறது வழக்கமாக இருந்த காலம் அது. அசையாமல் கட்டிவைத்தால் காலைக் காப்பாற்றலாம் என்பது அன்றைக்குச் சின்ன விசயம் இல்லை.

போடுவது சுகம், கழற்றுவதுதான் பாடு. பெரிய கத்தரிக்கோல், கத்தி, கைவாள் என்று எல்லாவற்றையும் பாவித்தார்கள். கல் மாதிரி இறுகியதை வெட்டும் அளவுக்குக் கூரான எதுவும், அதற்கு ஒரு பஞ்சு தள்ளி இருக்கும் தோலையும் வெட்டும்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ என்ற ஊரில் இருந்த எலும்பு முறிவு வைத்தியர் ஹோமர் ஸ்ரைக்கர். அவரின் யோசனை, வாள் சுற்ற வேண்டாம், மிகச் சின்ன வளைவில் முன்னும் பின்னும் அசைந்தால் போதும் என்பது. தோல் தளர்வானது, அலகு அசையும் திசைக்கெல்லாம் அதுவும் கூடவே போய்வரும். ஆகவே பல் அதில் பிடிக்காது. பிளாஸ்ரர் விறைத்தது, அசைய இடமில்லாததால் அறுபடும். 1945இல் விண்ணப்பித்து 1947இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். நோயாளியைப் புரட்டுவதற்கு அவர் செய்த கட்டிலை விற்கத் தொடங்கிய சின்னக் கொம்பனிதான், இன்றைக்கு உலகம் முழுக்க மருத்துவக் கருவி விற்கும் ஸ்ரைக்கர் கொம்பனி.

இந்த இடத்தில் எங்கட பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையின் முதல் வரைவில் ஸ்ரைக்கர் இல்லை. மல்ரி ரூல் பற்றி எதைத் தேடினாலும் முதலில் வருவது ஜேர்மனியின் ஃபைன் கொம்பனியின் கதை. 1967இல் அவர்கள் பிளாஸ்ரர் வெட்ட அதிர்வு வாள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், அதில் இருந்துதான் எல்லாம் என்று அது போகும். விற்பனைக் கட்டுரைகள், விமர்சனங்கள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று அதையே எழுதியிருக்கின்றன. நாங்களும் அப்படியே எழுதினோம். பிறகுதான் ஒருத்தி அமெரிக்கக் காப்புரிமைப் பதிவைத் தேடி எடுத்தாள். இருபது வருடம் முந்தின ஆவணம், படத்தோடு. கலைப்பீடத்தில் முதல் வருடமே "சான்று, சான்று" என்று தலையில் குட்டிச் சொல்லித் தருவார்கள். பரீட்சைக்கு எழுதினோம், பழக்கத்தில் வரவில்லை.

ஃபைன் பொய் சொல்லுது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1867இல் தொடங்கிய அந்தக் கொம்பனிக்கு உண்மையான பெருமைகள் நிறைய இருக்கு. 1895இல் ஸ்ருட்காட்டில் அவர்கள் செய்த, கையில் தூக்கிப் பிடிக்கும் மின் துளைகருவியை உலகத்தின் முதல் ட்ரில் என்று சொல்வார்கள். ஆனால் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் ஆர்தர் ஆர்நொட் 1889இலேயே மின் துளைகருவிக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். அது பாறை துளைக்கிற பெரிய சாமான், கையில் பிடிக்கிற அளவில்லை. அப்போ முதல் யார்? "மின்சாரத்தில்" என்று கேட்டால் ஒரு பதில், "கையில் பிடிக்கக் கூடியது" என்று கேட்டால் இன்னொன்று. கொம்பனி தன் வரலாற்றை எழுதும்போது தனக்கு வசதியான கேள்வியைத்தான் கேட்கும். ஊர்களும் கட்சிகளும் பள்ளிக்கூட மலர்களும் செய்கிறதும் அதுதானே.

ஃபைன் செய்த பெரிய வேலை, எங்கட பார்வையில், கண்டுபிடிப்பு இல்லை. அந்த வாளை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே கொண்டுவந்தது. முதலில் கார்ப் பட்டறைக்கு. முன்பு காரின் முன் கண்ணாடி ரப்பர்ச் சட்டத்துக்குள் பொருந்தியிருக்கும், பிடுங்கினால் வந்துவிடும். பிறகு அதைப் பசையால் உடலோடு ஒட்டத் தொடங்கினார்கள். உடைந்த கண்ணாடியை எடுக்க அந்த இறுகிய பசைக்குள் புகுந்து வெட்டும் கத்தி தேவைப்பட்டது, பக்கத்துப் பெயின்றில் கீறல் படாமல். சுற்றும் கருவியால் அது முடியாது, நடுங்கும் கத்தியால் முடியும்.

அடுத்தது மட்டத்தாள் தேய்ப்பு. 1980களில் இந்தக் கருவியின் முனையில் முக்கோணத் தட்டொன்றைப் பொருத்தினார்கள். கேட்கச் சின்ன மாற்றம் போல இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கோ: சுற்றுகிற எதுவும் கடைசியில் ஒரு வட்டத்தைத்தான் தொடும். ஆகவே ட்ரில், கிரைண்டர், வட்டவாள் எதுவும் ஒரு மூலைக்குள் முழுதாகப் போக முடியாது. சுற்றாத கருவிக்கு மூலை வைக்கலாம். முக்கோணம், சதுரம், நீட்டுப் பட்டை எதுவும் வைக்கலாம். எங்கட நிலையின் அடிக்குள் அது போனதன் காரணமும் அதுதான். ஸ்ரைக்கர் தோலைக் காப்பாற்றச் செய்த அசைவு, அவர் நினைக்காத இடத்தில் மூலை பிரச்சினையையும் தீர்த்துவிட்டது.

உள்ளே பெரிய மாயம் இல்லை. மோட்டர் வழமை போலச் சுற்றும். அதன் தண்டின் முனையில் மையம் விலகின ஒரு பேரிங், அதைக் கவ்விப் பிடித்தபடி ஒரு கவர். பேரிங் சுற்றச் சுற்றக் கவர் இடமும் வலமுமாக ஆடும். ஆட்டம் மொத்தம் மூன்று பாகை அளவு, சிலதில் ஐந்து வரை. நிமிடத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் தடவை. அதனால்தான் இவ்வளவு இரைச்சலும், கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் கை விறைப்பதும்.

நீண்ட காலம் இது ஃபைனின் மல்ரிமாஸ்ரர் என்ற பெயரில் மட்டும், சில நூறு டொலருக்கு விற்ற சாமான். தொழில் செய்கிறவர்கள்தான் வாங்கினார்கள். 2008 அளவில் முக்கியமான காப்புரிமை முடிந்தது. முடிந்த கையோடு ட்ரெமல், றொக்வெல், பொஷ் என்று எல்லாரும் இறங்கினார்கள். கொஞ்ச வருடத்தில், பழைய விலையின் பத்தில் ஒரு பங்குக்கும் பெயர் தெரியாத கொம்பனிகளின் மல்ரி ரூல் வந்துவிட்டது. வீட்டில் சின்ன வேலை செய்கிற ஒருவரின் கையில் இது இருப்பதற்கு, ஒரு சட்டப் பாதுகாப்பு காலாவதியானதும் காரணம். மாமாவின் அலுமாரிக்குள் இது வந்த வழியும் இதுதான்.

போட்டி வந்தபோது அலகுகளில் ஒரு சண்டை தொடங்கியது. ஒவ்வொரு கொம்பனியும் அலகைப் பூட்டும் துளையை ஒவ்வொரு மாதிரி வைத்தது. ஒன்றின் அலகு மற்றதுக்குப் பொருந்தாது. 2016இல் பொஷ்ஷும் ஃபைனும் சேர்ந்து ஸ்ரார்லொக் என்ற பொதுப் பூட்டைக் கொண்டுவந்தார்கள். அதுவும் எல்லாரும் ஏற்ற பொது முறை ஆகவில்லை. பழைய திறந்த துளை அலகுகள் இன்னும் ஓடுகின்றன.

இது எங்களுக்கு வரலாறு மட்டும் இல்லை. முதல் காலை அறுத்த அலகு சாதாரண உருக்கு, மரத்துக்கு மட்டுமானது. இரண்டாவது காலில் உள்ளே கிடந்த பழைய ஆணியில் பட்டதும் பல் முழுக்கப் போய்விட்டது. ஆணியும் மரமும் கலந்த இடத்துக்கு இரட்டை உலோக அலகு வேண்டும். ரவுணில் கடை கடையாக ஏறினோம். ஒரு கடைக்காரர், "மெசினைக் கொண்டு வாங்கோ, கொழுவிப் பாப்பம்" என்றார். கொழுவிப் பார்த்தால் பூட்டு வேறு. இன்னொருவனின் சித்தப்பா கனடாவில் இருந்து கொண்டுவந்த மெசின் ஒன்றும் இருந்தது. அதன் அலகு பொருந்தியது, ஆனால் மெசின் 120 வோல்ற். எங்கட 230இல் கொழுவினால் அன்றோடு சரி. அலகை மட்டும் கழற்றி எடுத்தோம்.

ஆகவே, "மல்ரி ரூல் வாங்கலாமா" என்று கேட்கிற நண்பர்களுக்கு எங்கட அபிப்பிராயம்: மெசின் மலிவு, அலகு விலை. வாங்க முதல் உங்கட ஊர்க் கடையில் எந்தப் பூட்டு அலகு கிடைக்குது என்று பாருங்கோ, பிறகு மெசினைத் தெரிவுசெய்யுங்கோ. நேரான நீட்டு வெட்டுக்கு இது சரிவராது, கோடு அலையும். தடித்த வைரமான மரத்தில் தூள் வெளியே வராமல் அடைபட்டுக் கருகும், அடிக்கடி இழுத்து எடுக்க வேண்டும். ஆனால் மற்ற எதுவும் போகாத இடத்தில், நாலு விரலகல வெட்டுக்கு, இதுக்கு மாற்று இல்லை. இன்னொன்று: அந்த ஆஸ்பத்திரி ஐயா செய்ததை இதில் செய்து பார்க்க வேண்டாம். மரம் அறுக்கும் அலகின் பல் பெரிது, ஆட்டமும் பெலன். தோலைக் கிழிக்கும். பிளாஸ்ரர் வாள்கூட அழுத்திப் பிடித்தால் சூட்டில் தோலைச் சுடும்.

ஓடாவி ஐயா இரண்டாம் நாள் வந்து அறுந்த அடியைத் தடவிப் பார்த்தார். கருகின விளிம்பைத் தன்ரை உளியால் இரண்டு தட்டில் சீவி எடுத்தார். "நல்ல சாமான், ஆனா இது வேலையைத் தொடங்கும், முடிக்காது" என்றார். அவர் பொதுவாக எந்த மெசினைப் பற்றியும் இவ்வளவு நல்லதாகச் சொல்கிறவர் இல்லை.

அறைக்குச் சொந்தமாக ஒன்று வாங்குவதா என்று கூடிக் கதைத்தோம். புத்தகக் காசில் கைவைக்கிறதுக்கு ஆதரவு வரவில்லை. மெசின் மாமாவுடையதாகவே இருக்கட்டும். அடுத்த வருசம் வாறாராம். அவரின் பூட்டுக்குப் பொருந்துகிற இரட்டை உலோக அலகு ஐந்து கொண்டுவரச் சொல்லி, பழைய அலகைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறோம்.