பஞ்சாங்கத்தில் ஒரு கட்டைவிரல்

கல்கத்தா வந்து பதினோரு வருஷமாச்சு. லேக் மார்க்கெட் பக்கம் ஜாகை, டல்ஹவுசியில் வங்கி வேலை. மோசடி விசாரணைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வுக்கு உதவுமே என்று இணையவழியில் குற்றவியல் டிப்ளமோ சேர்ந்தேன். "நாப்பத்திரெண்டு வயசுல பரீட்சையா? அந்தப் பணத்துல பையன் ட்யூஷன் கட்டலாமே" என்றாள் தங்கமணி. நியாயமான கேள்விதான், பதில் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல், ஹெட்போன் போட்டுக்கொண்டு படிப்பு.

மூன்றாவது பாடத்தில் திரையில் ரைட்டர்ஸ் பில்டிங்! தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற சிவப்புக் கட்டடம். உலகின் முதல் கைரேகைப் பதிவகம் 1897-ல் தொடங்கியது இங்கேதானாம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைரேகை புதுசு இல்லை. 1858-லேயே ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் ஒரு ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கியிருக்கிறார். சிக்கல் தேடுவதில்தான். ஆயிரக்கணக்கான தாள்களில் ஒருவனுடையதை எப்படிக் கண்டுபிடிப்பது? வங்காள போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றி, கணக்கில் கெட்டிக்காரப் பையன் வேண்டும் என்று கேட்டு, பிரசிடென்சி கல்லூரியில் படித்த அஸிஸுல் ஹக்கை சப்-இன்ஸ்பெக்டராக எடுத்துக்கொண்டார். கூடவே ஹேம் சந்திர போஸ்.

நம்ம பாட்டிகள் குழந்தை விரலில் சங்கா சக்கரமா என்று பார்ப்பார்களே, அந்தச் சக்கரம்தான் விஷயம். பத்து விரலையும் ஐந்து ஜோடியாக்க வேண்டும். சக்கரம் இருக்கிற விரலுக்கு ஜோடி வரிசைப்படி 16, 8, 4, 2, 1, இல்லாவிட்டால் பூஜ்யம். ஜோடியில் ஒரு விரல் மேலே, மற்றது கீழே, பின்னம் மாதிரி. இரண்டு பக்கமும் தனித்தனியே கூட்டி ஒன்று சேர்த்தால் 1 முதல் 32 வரை ஓர் எண். ஆக 32 × 32 = 1024 அறைகள். தாள் எந்த அறை என்று கணக்கே சொல்லிவிடும். கணினி இல்லாத காலத்தில்!

சீக்கிரமே வேலைக்கு வந்தது. ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேனேஜர் கொலை. அங்கே கிடந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் கறை படிந்த கட்டைவிரல் பதிவு. அது முன்பு திருட்டுக்காக ஜெயிலுக்குப் போன பழைய வேலைக்காரனுடையது என்று பதிவகம் சொன்னது. 1898-ல் தீர்ப்பு: திருட்டுக்குத் தண்டனை, கொலையிலிருந்து விடுதலை. ரேகை அவன் பஞ்சாங்கத்தைத் தொட்டதைத்தான் சொல்லும், கொன்றதைச் சொல்லாது. எங்கள் பிரிவில் ஒரு கையெழுத்தைப் பார்த்ததுமே ஆளைக் குற்றவாளியாக்கிவிடுகிற எனக்கு இது உறைத்தது. அடுத்த வருஷமே சாட்சியச் சட்டத்தைத் திருத்தி, கைரேகை நிபுணர் கருத்தையும் சேர்த்தார்கள்.

பெயர் என்னவோ 'ஹென்றி முறை' என்றுதான் நின்றது. அவர் 1903-ல் லண்டன் போலீஸ் கமிஷனர் ஆனார். ஹக் தன் பங்கைச் சொல்லி அரசுக்கு மனுப்போட வேண்டியிருந்தது. கான் பகதூர் பட்டம், 5000 ரூபாய் எல்லாம் பிற்பாடு வந்தவை. அவர் பங்கை ஹென்றி எழுத்தில் ஒப்புக்கொண்டது 1926-ல். ஹக் 1935-ல் பீகாரில் காலமானார். (ஆபீஸில் நாம் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் மேலதிகாரி பெயர் மட்டும் இருக்குமே, அந்த எரிச்சல் தெரிந்தவர்களுக்குப் புரியும்.)

இரண்டு பேருக்கும் குற்றவியல் பட்டம் கிடையாது. சாகர் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை வந்ததே 1959-ல். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ல். சேர நினைப்பவர்களுக்கு ஒன்று. இந்த டிப்ளமோ யாருக்கும் காக்கிச் சட்டை மாட்டிவிடாது. அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது. தடய அறிவியல் கூடத்தில் அறிவியல் பட்டம் கேட்பார்கள். சேரும் முன்பு யுஜிசி அங்கீகாரத்தைப் பாருங்கள், விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே சிறைத்துறையிலோ, விசாரணை வேலையிலோ இருந்தால் பயன் உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமென்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும். மாநிலங்கள் இதைப் படிப்படியாகக் கொண்டுவர ஐந்து வருஷ அவகாசம்.

அடுத்த வெள்ளிக்குள் அசைன்மென்ட் ஏற்ற வேண்டும். ஜல்பைகுரி வழக்கைத்தான் எடுத்திருக்கிறேன். தங்கமணி படித்துவிட்டு, "அப்ப கொன்னது யாரு?" என்கிறாள்.