குன்றத்தூர்ச் சேக்கிழார் குடி

1775-ஆம் ஆண்டில் கெண்டக்கிக் காட்டினூடே வழி திறந்து குடியேறிய டேனியல் பூன் என்பாரின் குல வரலாற்றை அமெரிக்கர் இன்றும் ஆவலோடு ஆராய்கின்றனர். அத்தகைய குடியொன்றின் கதை நமக்கும் உண்டு. மாங்காட்டிற்குத் தெற்கே, சிறிது தொலைவில் உள்ள குன்றத்தூரே அதன் ஊர்.

பெரியபுராணம் அருளியவரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர். சேக்கிழார் என்பது குடிப்பெயர். கிழார் எனின் உரிமையுடையவர் என்பது பொருள். கோவூர் கிழார், அரிசில் கிழார் என்னும் சங்கப் புலவர் பெயர்களை நினைவு கூர்க. பெயரிலேயே நில உரிமை பொதிந்திருக்கிறது.

இக்குடி தொண்டை நாட்டிற்கு வந்தது எப்போது? 14-ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவம், கரிகாலன் காலத்தில் வேளாளர் இங்குக் குடியேற்றப்பட்டனர் என்பர். கர்னல் மெக்கன்சி திரட்டிய சுவடிகளோ, குலோத்துங்கனின் மகன் ஆதொண்டன் புழல் கோட்டைக் குறும்பரை வென்று, காட்டைத் திருத்தி, வேளாளரை அமர்த்தினான் என்கின்றன. இரண்டிற்கும் இடையே பல நூற்றாண்டுகள்! முதற் குலோத்துங்கன் முடிசூடியது 1070-இல். சேக்கிழாரை அமைச்சராக்கிய இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சி தொடங்கியது 1133-இல். அறுபது ஆண்டுகளில் வந்தேறிய குடி பழங்குடி என்று புகழ் பெற்றுவிடுமா? ஆதொண்டன் கதையை என் மனம் ஏற்கவில்லை. குடியேற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. ஏரி ஏரியாக, ஊர் ஊராக மெல்லப் படர்ந்தது என்றே கருதுகிறேன். வற்றாத ஆறில்லாத இந்நாட்டில் ஏரி வெட்டியவனுக்கே வயல்.

சேக்கிழார் சோழ நாட்டுத் திருநாகேச்சரத்தில் ஈடுபட்டு, அதே பெயரில் குன்றத்தூரிலும் ஒரு கோயில் எடுத்தார் என்பர். குடி பெயர்ந்தோர் பழைய மண்ணின் பெயரைப் புதிய மண்ணில் நட்டு வைப்பது உலகெங்கும் காணும் வழக்கம். யாழ்ப்பாணத்தாரும் மலேயாத் தமிழரும் இதற்குச் சான்று.

ஆனால், வந்தவர் கதையே நமக்குக் கிடைக்கிறது. முன்பிருந்தவர் கதை கிடைப்பதில்லை. நிலம் வெறுங்காடாகவா கிடந்தது? 1863-இல் இராபர்ட் புரூஸ் பூட் என்பார் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி, வரலாற்றுக்கு எட்டாத காலத்திலேயே இப்பகுதியில் மனிதர் உலவியதைக் காட்டியது. ஆடு மேய்த்து, கோட்டை கட்டி வாழ்ந்த குறும்பரைப் பகைவராகவே நம் கதைகள் பேசுகின்றன. கெண்டக்கியில் வேட்டையாடிய ஷானி மக்களுக்கும் பூனின் கதையில் அதே இடந்தான்.

குறும்பரை எதிர்த்துச் சென்ற தொண்டைமானின் யானைக் காலை முல்லைக் கொடி சுற்றிக்கொண்டது. வெட்டிய இடத்தில் சிவலிங்கம் வெளிப்பட்டது. பின்னர் வெற்றி கிட்டியது என்பது திருமுல்லைவாயில் தலபுராணம். ஆவடியை அடுத்த அக்கோயிலில் இரண்டு எருக்கந் தூண்கள் நிற்கின்றன. அவை குறும்பர் கோட்டையிலிருந்து கொணர்ந்தவை என்கின்றனர். அக்கோட்டையில் அவற்றை நட்ட குடிகளின் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.