சாரதிகளின் உணவகங்கள்: நியூயோர்க் நகரக் குடியேற்ற வரலாற்றில் ஓர் அம்சம்

நியூயோர்க் நகரிற் குடியேறிய மக்களின் உணவைப் பற்றி எழுதுவோர் அதனைச் சுவையின் வரலாறாகவே பெரும்பாலும் நோக்குவர். வாடகைக் காரில் ஏறும் பயணி, “நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?” எனச் சாரதியை வினவி, அவர் காட்டும் சிறு கடையைக் கண்டடைதல் அந்நகரில் அறியப்பட்ட வழக்கம். ஆயின் அக்கடை அவ்விடத்தில் அவ்வடிவில் ஏன் தோன்றிற்று என்பதற்கு விடை அடுப்படியில் இல்லை. சாரதியின் தொழில் நிலைமையிலேயே உளது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இத்தொழிலில் யூதரும் ஐரிஷாரும் இத்தாலியரும் மிகுந்திருந்தனர். நாட்டுவாரியான குடிவரவு ஒதுக்கீட்டை நீக்கிய 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியருக்கு வாயிலைத் திறந்தது. காலப்போக்கில் பஞ்சாபியரும் பாகிஸ்தானியரும், பின்னர் வங்காளதேசத்தவரும் பெருந்தொகையாகச் சாரதிகளாயினர்.

அதற்குள் தொழிலே மாறிவிட்டிருந்தது. 1937ஆம் ஆண்டின் ஹாஸ் சட்டம் அனுமதிகளின் தொகையை வரையறுத்தமையால் (பல தசாப்தங்களாக அது 11,787 ஆகவே இருந்தது) அனுமதியை வைத்திருந்தவரின் கை ஓங்கிற்று. 1979இல் காரைக் குத்தகைக்கு விடும் முறை அனுமதிக்கப்பட்டது. முன்னர் வசூலில் ஒரு பங்கைப் பெற்ற சாரதி, இப்போது பன்னிரண்டு மணிநேரத்துக்கான குத்தகையைத் தாமே பொறுப்பேற்று வீதியில் இறங்கவேண்டியவரானார். முதற் சில மணிநேர உழைப்பு குத்தகைக்கும் எரிபொருளுக்குமே போய்விடும். இத்தகையவருக்கு உணவு மலிவாயிருத்தல் மட்டும் போதாது, காத்திராது கிடைக்கவேண்டும், நள்ளிரவிலும் கிடைக்கவேண்டும், தண்டம் விழாமற் காரை நிறுத்த இடம் வேண்டும், மலசலகூடமும் வேண்டும். இறுதியிற் கூறியது அற்ப விடயமன்று. நாள் முழுவதும் காரில் அமர்ந்திருப்பவருக்குச் சில வேளைகளில் அதுவே தலையாய தேவை.

மன்ஹட்டனில் லெக்சிங்ரன் அவெனியூவின் 28ஆம் வீதிச் சூழல் இதற்குச் சான்று. 1944இல் ஆர்மேனியர் ஒருவர் தொடக்கிய கலுஸ்ரியன் பலசரக்குக் கடை அப்பகுதிக்குரியது. இந்திய, பாகிஸ்தானியக் கடைகள் பின்னர் அங்கு பெருகின. நீராவியாற் சூடாக வைக்கப்பட்ட தட்டங்களில் ஆட்டிறைச்சிக் கறி, பருப்பு, ஹலீம். பக்கத்தே ரொட்டி, பாலூற்றிக் காய்ச்சிய தேநீர். விலைப்பட்டியலைப் படிக்க நேரமில்லாதவர் விரலாற் சுட்டி வாங்கினர். பயணிகள் வியந்து பேசும் இந்த ‘எளிமை’ உண்மையில் அவசரத்தின் வடிவமே. ஹூஸ்ரன் வீதியருகே சைவ உணவு விற்ற பஞ்சாபிக் கடையொன்றோ, வீதித் திருத்த வேலைகளாற் கார் நிறுத்துமிடத்தை இழந்தபோது வாடிக்கையாளரையும் இழந்தது. சமையலில் மாற்றமேதும் நிகழவில்லை.

வெவ்வேறு மொழி பேசிய இச்சாரதிகள், தண்டங்களைக் கடுமையாக்கிய புதிய விதிகளை எதிர்த்து 1998 மே 13இல் ஒருமித்து வேலைநிறுத்தம் செய்தனர். ஆயினும் அனுமதியின் விலை ஏறிக்கொண்டேயிருந்தது. 2014 அளவில் அது பத்து இலட்சம் டொலரைத் தாண்டிற்று. செயலி வழியே அழைக்கப்படும் கார்கள் பெருகியதும் அவ்விலை சரிய, கடன்பட்டு அனுமதி வாங்கியோர் தீராக் கடனாளிகளாயினர். 2021 ஒக்ரோபரில், நகரத்தாருக்கு உணவகம் காட்டிய சாரதி வர்க்கத்தைச் சேர்ந்த சிலர் நகர மண்டபத்தின் முன் உண்ணாவிரதமிருந்தனர். பதினைந்தாம் நாளாகிய நவம்பர் 3இல், கடன்களைக் குறைக்கவும் அவற்றுக்கு நகர நிருவாகம் பிணைநிற்கவும் இணக்கம் காணப்பட்டது.