காற்றில் வரும் பூஞ்சையும் நிலைமின்சாரமும் – ஒரு குட்டி வரலாறு

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று நீளும் கரிசல் காட்டில் பெரும்பாலும் மானாவாரி வெள்ளாமைதான். உளுந்து, பாசி, மிளகாய், மல்லி, மக்காச்சோளம்... எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பவை. மார்கழிப் பனி இறங்கும் சமயத்தில் உளுந்து இலையில் மாவு தூவியது போல வெள்ளை படரும். அதுதான் சாம்பல் நோய்.

இதைப் பரப்பும் பூஞ்சை வித்துகள் காற்றில் வருகின்றன. வரப்பும் வேலியும் அவற்றைத் தடுக்காது. நனையும் கந்தகத்தைத் தண்ணீரில் கரைத்து அடிக்கலாம். ஆனால் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். குடிதண்ணீருக்கே குடத்தோடு அலையும் ஊரில் அது சின்ன விஷயமா?

வித்துகளை மின்சாரத்தால் பிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது.

காற்றுதான் குற்றவாளி

வட இந்தியக் கோதுமையில் வரும் துரு நோய் எங்கிருந்து வருகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. சமவெளியின் கோடை வெயிலில் துருப் பூஞ்சையின் வித்துகள் பிழைக்காது. ஆக்ராவைச் சேர்ந்த கே.சி. மேத்தா பல வருடம் ஆராய்ந்து, 1940இல் வெளியான நூலில் விடை சொன்னார். குளிர்ந்த மலைகளில் பூஞ்சை உயிரோடு இருக்கிறது. அங்கிருந்து காற்றில் சமவெளிக்கு இறங்குகிறது. அப்படி அவர் காட்டிய மலைகளில் நம் நீலகிரியும் பழனி மலையும் உண்டு!

வித்துக்கும் மின்னூட்டம்

காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் மின்னூட்டம் பெற்றிருப்பதை இங்கிலாந்தின் பி.எச். கிரிகோரி 1957இல் எழுதினார். 1976இல் அமெரிக்காவின் சார்லஸ் லீச் இன்னொரு படி போனார். மக்காச்சோள இலைக்கருகல் பூஞ்சையை ஆராய்ந்த அவர், காற்றின் ஈரம் குறையும்போது இலையும் வித்தும் ஒரே வகை மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளுவதால்தான் வித்து தெறித்துக் கிளம்புகிறது என்று விளக்கம் தந்தார்.

தள்ள முடியும் என்றால் இழுக்கவும் முடியும் அல்லவா?

புகைபோக்கியிலிருந்து தோட்டத்துக்கு

மின்சாரத்தால் தூசியை இழுக்கும் கருவிக்கு அமெரிக்காவின் ஃபிரெடெரிக் காட்ரெல் 1908இல் காப்புரிமை பெற்றார். நம் மாவட்டத்தில் 1979இல் ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலும் புகையிலிருந்து சாம்பலைப் பிரிப்பது இந்த வகைக் கருவிதான்.

அதே தத்துவத்தை ஜப்பானின் கிண்டாய் பல்கலைக்கழகத்தில் மட்சுடா, டொயோடா குழுவினர் தக்காளிக்குக் கொண்டுவந்தார்கள். மின்காப்பிட்ட கடத்திகளை வரிசையாக நிறுத்தி, உயர் மின்னழுத்தம் கொடுத்து, செடியைச் சுற்றி ஒரு திரை. காற்று உள்ளே போகும். சாம்பல் நோய் வித்து திரையிலேயே ஒட்டிக்கொள்ளும். 2006இல் இது வெளியானது. மருந்து ஒரு சொட்டும் இல்லை!

திறந்த காட்டில்?

இங்கேதான் சிக்கல். இந்தத் திரை பசுமைக்குடிலுக்குப் பொருந்தும். நாலு பக்கமும் திறந்து கிடக்கும் கரிசல் காட்டை எந்தத் திரையால் மூடுவது?

அதனால் திறந்தவெளிக்கு வேறு வழி தேடினார்கள். வித்தைப் பிடிப்பதற்குப் பதில் மருந்துத் துளிக்கு மின்னூட்டம் கொடுப்பது. மின்னூட்டம் பெற்ற துளி செடியை நோக்கி இழுக்கப்பட்டு இலையின் அடிப்பக்கமும் போய் ஒட்டும். மிளகாய்ச் சாம்பல் நோய் இலையின் அடியில்தான் வெள்ளையாகப் படரும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் லா 1970களில் இதற்கான முனைக்குழலை உருவாக்கினார். அதே காலத்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ரொனால்டு காஃபி, பேட்டரியில் ஓடும் 'எலக்ட்ரோடைன்' கைத்தெளிப்பானைக் கொண்டுவந்தார். அதற்குத் தண்ணீரே வேண்டாம்! முக்கியமாகப் பருத்திப் பூச்சிகளுக்கு வந்தது அது. ஆனால் அதற்கென்றே எண்ணெயில் கலந்து அடைத்த மருந்துப் புட்டியைத்தான் பொருத்த முடியும்; விவசாயி தன் இஷ்டத்துக்கு வேறு மருந்தை ஊற்ற முடியாது. இந்தியாவில் சண்டிகரிலுள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனமும் நிலைமின் தெளிப்பானை உருவாக்கியது. 2020 கொரோனா சமயத்தில் அந்தத் தொழில்நுட்பம் கிருமிநாசினி தெளிக்கவும் பயன்பட்டது.

பக்கத்துச் சிவகாசியில் பட்டாசு ஆலைக்காரர்கள் நிலைமின்சாரம் என்றாலே பயப்படுவார்கள். ஒரு பொறி போதும், உயிர் போய்விடும். அதே சக்தி கரிசல் காட்டு உளுந்தைக் காப்பாற்றவும் கூடும். அறிவியல் தயாராகத்தான் இருக்கிறது. தண்ணீரும் காசும் குறைவாக உள்ள ஒரு மானாவாரி விவசாயி தோளில் மாட்டி நடக்கும் விலைக்கு, எந்த மருந்தையும் ஊற்றிக்கொள்ளும் வசதியோடு அந்தக் கருவி வர வேண்டும். அதுதான் மிச்சமிருக்கும் வேலை.